பள்ளத்தாக்கு வைத்த பெயர்

லிவர்பூல்
11 அக்டோபர் 1914

அன்புள்ள கெசியா அக்காவுக்கு,

இங்கே நானும் ஹெட்டியும் சுகம். என் முட்டிவலி மட்டும் குளிர் தொடங்கியதும் அழைக்காத விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டது. உன் இருமல் எப்படி? நெசவாலையை விட்டுச் செருப்பு ஆலைக்கு மாறிய பிறகாவது குறைந்ததா?

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். சிரிக்காதே. நம் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?

போன வாரம் கடையில் நல்ல கூட்டம். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு ஆள் சாசேஜ் வாங்கிக்கொண்டே என் கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தான். "ரோசன்டேல்... நீங்க எந்த வருஷம் இந்த நாட்டுக்கு வந்தீங்க?" என்றான். "ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தஞ்சுல. எங்கம்மா வயித்துலேருந்து நேரா இங்கதான் வந்து இறங்கினேன்" என்றேன். கடையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. வாங்கிய பொட்டலத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இந்த ஊரில் பன்றிக்கறிக் கடை என்றாலே ஜெர்மன்காரன் கடை என்றுதான் நினைப்பு. ஜெர்மனியோடு சண்டை தொடங்கியதிலிருந்து அந்த நினைப்புக்கு விஷம் ஏறிவிட்டது. ரோசந்தால் என்று அவர்களில் ஒரு பெயர் உண்டாம். நம் பெயர் அதை மாற்றி வைத்துக்கொண்டது என்று பேசுகிறார்கள். நம் பள்ளத்தாக்கின் பெயர்தான் இது என்று சொன்னால், "அந்த ஊர்ப் பேர்ல எஸ் எழுத்து ரெண்டு, உன் பலகையில ஒண்ணுதானே இருக்கு?" என்று கேட்கிறார்கள். எதிர்வீட்டு டக்கன் அம்மாள்தான் எனக்காகச் சண்டை போடுகிறாள். "நீ கண்டுக்காத ஜேபெஸ். நல்ல கறி திங்கற கொடுப்பினை அவனுங்களுக்கு இல்ல" என்கிறாள். அவள் மகன் டென்னிஸ் பெரிய பயணிக் கப்பலில் கரி அள்ளுகிறவன்.

நம் சபைப் போதகர் படித்தவர். அவரிடம் கேட்டு எழுது.

உன் தம்பி,
ஜேபெஸ்


ரோசன்டேல் பள்ளத்தாக்கு
20 அக்டோபர் 1914

அன்புத் தம்பி ஜேபெஸுக்கு,

ஆண்டவர் தயவில் இருமல் பரவாயில்லை. முட்டிக்குக் கம்பளித்துணி சுற்றிக்கொள். ஹெட்டியின் பல்வலியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே?

போதகரைக் கேட்டேன். பெயரின் முன்பாதியான 'ராஸ்' என்பது ஆங்கிலேயர் இங்கே வருவதற்கு முன்னிருந்தவர்களின் சொல்லாம்; மேட்டுநிலம், புதர்க்காடு என்று பொருளாம். 'டேல்' பள்ளத்தாக்கு. மேட்டுநிலத்துப் பள்ளத்தாக்கு. பெரியவர்கள் அப்படித்தான் கருதுகிறார்கள், சத்தியம் செய்ய முடியாது என்றார். ஊரைவிட்டு வெளியே போனவர்களை அவர்கள் ஊர்ப்பெயராலேயே கூப்பிட்டு, அது குடும்பப் பெயராக நின்றுவிடுவது இந்த நாட்டில் வழக்கம் என்றும் சொன்னார்.

எழுத்து ஒன்று கூடுவதும் குறைவதும் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்காதே. வேலையைப் பார்.

அன்புடன்,
கெசியா


லிவர்பூல்
8 நவம்பர் 1914

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஹெட்டி அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டாள். இப்போது என்னோடு பேசத் தொடங்கிவிட்டாள், அதுதான் கஷ்டம்.

உன் கடிதம் வந்ததும் பெயர் எழுதுகிறவனைக் கூப்பிட்டு ஒரு பலகை செய்துவிட்டேன். 'ரோசன்டேல்: லங்காஷயரின் மேட்டுநிலத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்த தூய ஆங்கிலக் குடும்பம்.' கண்ணாடிக்குப் பின்னால், பன்றித் தலைக்கு மேலே தொங்குகிறது.

பக்கத்து ரொட்டிக்கடை கான்ராட் ஸ்டைன்பாக் வெளியே வந்து இரண்டு முறை படித்தார். அவர் இந்த ஊருக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. மனைவி மேகி இந்தத் தெருவிலேயே பிறந்தவள். லீனா என்று ஒரு பெண். "எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்களேன் ஜேபெஸ்" என்றார். "ஸ்டைன்பாக்னா கல்லோடை. அதுவும் ஊர்ப் பேருதான். ஓடைக்கும் பள்ளத்தாக்குக்கும் என்ன சண்டை?" அவர் சிரித்தார். நான் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.

பலகையைப் படித்தவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். "பள்ளத்தாக்குல எந்தப் பண்ணை?" என்கிறார்கள். தாத்தா எந்தப் பண்ணையில் பிறந்தார், அக்கா? அப்பா சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுது.

ஜேபெஸ்


ரோசன்டேல் பள்ளத்தாக்கு
15 டிசம்பர் 1914

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஆலையில் பட்டாளத்துக்கு வேலை ஓடுகிறது. இங்கே பனி விழத் தொடங்கிவிட்டது. ஆனாலும் நான் சுகம். உனக்கு ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு அனுப்பியிருக்கிறேன், ஹெட்டிக்கும். கிறிஸ்துமஸ் அன்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்மாவு ரொட்டி போன தடவை உடைந்து வந்தது என்றாயே, இந்த முறை துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

பழையதைக் கிளறாதே ஜேபெஸ். அந்தப் பலகையை எடுத்துவிடு.

கெசியா


லிவர்பூல்
21 பிப்ரவரி 1915

அக்காவுக்கு,

செருப்பு அளவாக இருந்தது. நன்றி. ஹெட்டி உன் உடம்பை விசாரிக்கச் சொன்னாள்.

கடையின் முன்கண்ணாடி ஒன்று பனியில் விரிசல் விட்டுவிட்டது. அட்டை ஒட்டியிருக்கிறேன். வியாபாரம் சுமார்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எந்தப் பண்ணை? நீ செருப்பையும் ரொட்டியையும் பற்றி எழுதுகிறாய். அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள் நீதான். உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே மறைக்கிறாய் என்றால் ஏன் மறைக்கிறாய்? இங்கே ராத்தூக்கம் போய் எத்தனை நாளாயிற்று தெரியுமா?

ஜேபெஸ்


லிவர்பூல்
18 ஏப்ரல் 1915

அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தெருவின் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். ஸ்டைன்பாக்கை இங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும், அவர் எதிரி நாட்டு ஆள், உளவு சொல்லக்கூடியவர் என்று. எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. என்னிடம் கொண்டுவந்தவர், "நீங்க போட்டா ஊர் வாய மூடிடலாம் ரோசன்டேல். போடலேன்னா... நீங்களே யோசிச்சுக்குங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சனிக்கிழமை வரை கேட்டிருக்கிறேன். ஸ்டைன்பாக் உளவாளி இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தன் அடுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் எனக்கும் கடை இருக்கிறது, மனைவி இருக்கிறாள். தாத்தாவின் பண்ணைப் பெயர் ஒன்று கையில் இருந்தால் நான் தைரியமாக முடியாது என்பேன்.

இதற்காவது பதில் போடு.

ஜேபெஸ்


ரோசன்டேல் பள்ளத்தாக்கு
22 ஏப்ரல் 1915

அன்புத் தம்பி,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். பலமுறை எழுதி, எழுதியதையெல்லாம் அடுப்பில் போட்டேன். இதை அனுப்பிவிடுகிறேன். கையெழுத்துப் போடுமுன் படி.

தாத்தா எந்தப் பண்ணையில் பிறந்தார் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அப்பா படுக்கையில் கிடந்தபோது சொன்னார். பிரெஞ்சுக்காரனோடு சண்டை நடந்த காலமாம். பனியில் மேட்டுவழியாக ஒரு பெண் இறங்கி வந்தாள். முதுகில் ஊசி, நூல், ரிப்பன் மூட்டை. மார்பில் கட்டிய குழந்தை. அவள் பேச்சு யாருக்கும் புரியவில்லை. பிரெஞ்சுக்காரி என்றார்கள், உளவு பார்க்க வந்தவள் என்றார்கள். கதவைத் தட்டினாள், திறக்கவில்லை. அடுத்த வீட்டிலும் திறக்கவில்லை. காலையில் கல்சுவர் ஓரமாகக் கிடந்தாள். குழந்தைக்கு மட்டும் மூச்சு இருந்தது.

குழந்தையை யார் தலையில் கட்டுவது என்று ஊர்க்கூட்டம் போட்டார்களாம். அவள் கால் பக்கத்து ஊர் எல்லையில் கிடந்தது, தலை நம் எல்லையில் கிடந்தது என்று ஒரே வாதம். கைத்தறிக்காரன் மனைவி ஆலிஸ் ஹாயிலுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்து இறந்திருந்தது. அவள் எழுந்து, "நீங்க எல்லையை அளந்து முடிங்க. அதுவரைக்கும் இது பசியோட கத்தணுமா?" என்று குழந்தையைத் தூக்கி அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பால் கொடுத்தாளாம். அவள் வீட்டிலேயே வளர்ந்தார் தாத்தா. ஹாயில் என்ற பெயரைக் கொடுக்கக் கணவன் வீட்டார் சம்மதிக்கவில்லை. "எங்க கிடந்துச்சோ அந்தப் பேரையே வை" என்றார்கள். பதிவேட்டில் எழுதியவன் அவசரத்தில் ஒரு எஸ்ஸை விட்டுவிட்டான்.

போதகர் சொன்ன அர்த்தம் சரிதான். அந்தப் பெயர் நமக்கு வந்த வழிதான் வேறு. அந்தப் பெண் எந்த நாட்டவளோ. ஸ்டைன்பாக்கின் ஊர்க்காரியாகக்கூட இருக்கலாம்.

"ஜேபெஸுக்குச் சொல்லாத. ஊர்ப் பேரை நெஞ்சுல குத்திக்கிட்டுத் திரியற பய அவன், தாங்க மாட்டான்" என்றார் அப்பா. அதனால்தான் சொல்லவில்லை. இனி நீ என்ன செய்வாய் என்பது உன் பாடு. ஹெட்டியை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
கெசியா


ரோசன்டேல் பள்ளத்தாக்கு
9 மே 1915

ஜேபெஸ்,

நலமா? அந்தப் பெரிய பயணிக் கப்பலை ஜெர்மன்காரர்கள் மூழ்கடித்துவிட்டார்கள் என்று இங்கே சபையில் படித்தார்கள். லிவர்பூல் ஆட்கள்தான் அதில் ஏராளம் என்றார்கள். டக்கன் அம்மாளின் மகன் அதிலா? என் கடிதம் வந்து சேர்ந்ததா, நீ கையெழுத்துப் போட்டாயா, ஒன்றும் தெரியவில்லை. என்மேல் கோபமாகவே இரு. ஒரு வரி மட்டும் எழுது.

கெசியா


லிவர்பூல்
16 மே 1915

அன்புள்ள அண்ணிக்கு,

ஹெட்டி எழுதுகிறேன். எழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார். வலது கை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி என்று கேட்கச் சொன்னார், முதலில் அதைக் கேட்டுவிடுகிறேன்.

அவர் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். உங்கள் நீளமான கடிதம் கெடு வைத்த சனிக்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. அன்று காலையிலேயே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். படித்து முடித்ததும் ஏப்ரனோடு ஓடினார். "என் பேர அடிச்சுடுங்க" என்று கேட்டிருக்கிறார். மனு போய்விட்டது என்று சிரித்தார்களாம். திரும்பி வந்தவர் பின்கட்டுச் சுவர் வழியாகக் கான்ராட்டைக் கூப்பிட்டு அவரிடமே சொல்லிவிட்டார். கான்ராட் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனாவது கையெழுத்து?"

"கடைசி."

"அப்ப நல்லா யோசிச்சுதான் போட்டிருக்கீங்க."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எங்கள் வாசலுக்கு அவர் கடை ரொட்டி வரவில்லை. மேகி என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவாள்.

அப்புறம் கப்பல் போயிற்று. இந்தத் தெருவில் கதவுக்குக் கதவு அழுகை. டென்னிஸ் டக்கன் வரவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் கூட்டம் கிளம்பியது. முதலில் ரொட்டிக்கடை. மாவு மூட்டைகளைக் கிழித்துத் தெருவெல்லாம் வெள்ளையாக்கினார்கள். மேல்மாடி ஜன்னல் வழியாகப் பியானோவைத் தள்ளினார்கள்; அது விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மேகி லீனாவைச் சுவர்மேல் ஏற்றி என் கையில் கொடுத்தாள், தானும் ஏறிக் குதித்தாள். கான்ராட் வரவில்லை. "அந்த வீட்டுக்குள்ள நான் வர மாட்டேன்" என்று அடுப்பறையிலேயே நின்றார். உங்கள் தம்பி, முட்டிவலிக்காரர், சுவர் தாண்டிப் போனார். என்ன பேசினாரோ, அவரை இழுத்துக்கொண்டு வந்தார். எல்லோரையும் நிலவறையில் உப்புத்தொட்டிகளுக்குப் பின்னால் உட்கார வைத்தோம்.

அவர் மட்டும் முன்வாசலில் போய் நின்றார். கூட்டத்தின் முன்னால் டக்கன் அம்மாள். ஏப்ரனை மடித்துக் கட்டி உள்ளே கல். அழுது அழுது முகமே வேறாகியிருந்தது.

"ஜேபெஸ், உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல. உள்ள வச்சிருக்கியே, அவனை வெளிய அனுப்பு. அப்புறம் உன் பலகையை மாட்டிக்கிட்டு நிம்மதியா வியாபாரம் பண்ணு. ஒருத்தன் தொட மாட்டான், நான் பொறுப்பு."

"பலகையில பாதிதாம்மா எழுதியிருக்கேன்."

"மீதி என்ன?"

"எங்க தாத்தா எந்த நாட்டுப் பிள்ளைன்னு எங்களுக்கே தெரியாது. பெத்தவளுக்கு யாரும் கதவு திறக்கல. பேரு ஊர் வச்சது."

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள், அண்ணி. போய்விடுவார்கள் என்றே நினைத்தேன். பின்னாலிருந்து ஒருவன், "கேட்டீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்!" என்று கத்தினான். அதோடு கல் பறந்தது. ஒருவன் ஜன்னல் கதவின் இரும்புத் தாழ்ப்பாளைப் பிடுங்கி இவரை அடித்தான். விழுந்தும் இவர் வாசற்படியைவிட்டு நகரவில்லை. டக்கன் அம்மாள் எறியவில்லை. மடியில் கல்லோடு நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போலீஸ் வந்தபோது கடையில் உடைக்க எதுவும் பாக்கியில்லை. கான்ராட்டை அவர்கள்தான் நிலவறையிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எதிரி நாட்டு ஆண்களையெல்லாம் அடைத்து வைக்கப்போகிறார்களாம். போகும்போது கான்ராட் இவர் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். தன் தொப்பியை எடுத்து இவர் தலைக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

மேகியும் லீனாவும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஊரில் வாடகைக்கு வீடு தர ஆளில்லை.

உங்கள்,
ஹெட்டி


ரோசன்டேல் பள்ளத்தாக்கு
18 மே 1915

அன்புள்ள ஹெட்டிக்கும் ஜேபெஸுக்கும்,

படித்தேன். எலும்பு கூட மாட்டுக்கால் சூப் வைத்துக் கொடு.

என்னிடம் இரண்டு அறை இருக்கிறது. ஒன்றில் யாரும் படுப்பதில்லை. மேகியையும் பிள்ளையையும் அனுப்பு.

கெசியா


லிவர்பூல்
27 ஜூன் 1915

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கையால் எழுதுகிறேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்து மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். வலி குறைந்துவிட்டது. ஆனால் இனி அந்தக் கையில் வெட்டுக்கத்தி நிற்காது என்கிறார் டாக்டர். ஹெட்டி சுகம்.

கட்டடச் சொந்தக்காரர் வந்தார். கடையைச் சரிசெய்து தருகிறேன், ஆனால் பலகையில் 'ராஸ்' என்று மட்டும் எழுத வேண்டும் என்றார். "பாதிதானே குறையுது, பேரு முழுசா போகலியே" என்றார். முடியாது என்றேன். கடை போயிற்று. துறைமுகக் கிடங்கில் காவல் வேலை கேட்டிருக்கிறேன்.

ஜெர்மன்காரரைக் கட்டியதால் ஊர் மாறக்கூட மேகிக்குப் போலீஸ் அனுமதி வேண்டியிருந்தது; கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் உன்னிடம் வருகிறார்கள். கான்ராட்டை ஒரு தீவுக்குக் கொண்டுபோய் முள்கம்பிக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். வீம்பு எனக்குப் போதும், அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். அங்கே அவளை ரோசன்டேல் என்றே சொல். நமக்கும் அந்தப் பெயர் அப்படித்தானே வந்தது. மேகியும் சரி என்கிறாள்.

உன் தம்பி,
ஜேபெஸ்


ரோசன்டேல் பள்ளத்தாக்கு
2 செப்டம்பர் 1915

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். மேகிக்குச் செருப்பு ஆலையில் என் பக்கத்திலேயே வேலை கிடைத்திருக்கிறது. கை என்ன சொல்கிறது? கிடங்கில் ஈரத்தில் நிற்காதே.

லீனாவை நேற்றுப் பள்ளியில் சேர்த்தேன். நீ சொன்னபடியே முன்கூட்டி டீச்சரிடம் பெயரைச் சொல்லி வைத்திருந்தேன். பிள்ளையிடமும் வழியெல்லாம் சொல்லிக் கூட்டிப்போனேன். வகுப்பு நிறையப் பிள்ளைகள். முதல் பெஞ்சில் இரண்டு பேர் போர்முனையில் அப்பாவை இழந்தவர்கள்.

"பேர் என்னம்மா?" என்றார் டீச்சர்.

"லீனா ஸ்டைன்பாக்."

முதல் பெஞ்சுப் பிள்ளைகள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் நல்லவர், அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். "உங்க அத்தை ரோசன்டேல்னு சொன்னாங்களே?"

"அது அத்தையோட பேரு" என்றாள். "எங்கப்பாவை விட்டதும் அவர் என்னைத் தேடிக்கிட்டு வருவாரு. ஊர் ஊரா விசாரிப்பாரு. பேரை மாத்திட்டா எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

டீச்சர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டார். நான் கதவருகே நின்றிருந்தேன். அவர் அவளைப் பார்த்து, "எழுத்துக்கூட்டிச் சொல்லு, நான் தப்பா எழுதிடக் கூடாது" என்றார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். பிள்ளைகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயந்தரம் கூட்டிவரப் போனேன். யாரும் அவளோடு பேசவில்லையாம். ஒரு பெண் மட்டும் இவள் சிலேட்டைத் துடைக்கத் தன் துணியைக் கொடுத்தாளாம். பாலத்தருகே வரும்போது எங்கள் முன்னால் ஒரு கல் வந்து விழுந்தது. சுவருக்குப் பின்னால் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. நான் நின்றுவிட்டேன், ஜேபெஸ். இந்தப் பள்ளத்தாக்கில் என்மேல் யாரும் கல் எறிந்ததில்லை. லீனா குனிந்து அந்தக் கல்லை எடுத்தாள். திருப்பி எறியப்போகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனேன். அவள் அதை வண்டிப்பாதையிலிருந்து அகற்றி ஓரமாக வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவாவே போலாம் அத்தை" என்றாள்.

மெதுவாகவே வந்தோம்.

உன் அக்கா,
கெசியா